சுவிட்ச் ஆஃப் நிலையில்

2024 ஜூன் 3, திங்கள். பகல் 12.40. காலையிலிருந்து வந்த புகார்கள் ஏழு.

ஏழில் ஆறு புகாரே இல்லை. ஒருத்தர் சார்ஜ் போடாமலேயே "செத்துப்போச்சுங்க" என்று ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்னொருத்தருடையதில் காது மெத்தை முழுக்க இட்லிப்பொடி எண்ணெய். அதைப் பஞ்சு வைத்துத் துடைத்தவன் நான், பி.இ. எலெக்ட்ரானிக்ஸ், முதல் வகுப்பு. மதியச் சாப்பாட்டில் பாதியைக் கொட்டிவிட்டேன்.

காந்திபுரத்தில் இந்தக் கடையில் சேர்ந்து பதினான்கு மாதம். ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து பேர் கேட்கும் கேள்விக்கு இங்கேயாவது ஒருமுறை நேராகப் பதில் எழுதிவைக்கிறேன். வெளிச்சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போனுக்குத் தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா? வேண்டாம். அதற்குள்ளேயே ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. சுவிட்சைப் போட்டுவிட்டால், வயரில் நீ எதை அனுப்பினாலும் அது முதலில் உள்ளே இருக்கும் சிப்புக்குத்தான் போகும். சிப் அதைத் தன் இஷ்டத்துக்குச் சமைத்து, தன் ஆம்ப்ளிஃபயர் வழியாகக் காதுக்குப் பரிமாறும். வெளியே இன்னொன்று மாட்டுவது, அரைத்த மாவை மறுபடி மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. மாவு கூடாது. சூடுதான் ஏறும்.

இதை முதலாளி குழந்தைவேலு அண்ணனிடம் நூறு முறை சொல்லியாயிற்று. சோப்பு டப்பா அளவில் ஒரு ஆம்ப்ளிஃபயரை அவர் ஒவ்வொரு ஹெட்போனோடும் கட்டித் தள்ளுகிறார்.

"இஞ்சினீரு, சனத்துக்கு டிஃபரன்ஸு வேணுமுங்க. உண்மைதான் வேணும்னா காலேஜுக்குப் போகமாட்டாங்களா? நம்ம கடைக்கு எதுக்கு வர்றாங்க?"

ஷோகேஸுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு கிராப் தொங்குகிறது. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் நீலக் கோடு, இருந்தால் ஒன்பது டெசிபல் மேலே சிவப்புக் கோடு. கோடுகள் சரியான கோடுகள். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

ஏழாவது புகார்: ரெபேக்கா என்று ஒரு மேடம், நாற்பது வயது இருக்கும். வீட்டிலிருந்தே ஆடியோ கேட்டு டைப் அடிக்கிற வேலை. தொழிலாளர் தகராறு விசாரணைகளைப் பெங்களூரிலிருந்து அனுப்புவார்களாம், இவர் எழுத்தில் இறக்கிக் கொடுக்க வேண்டுமாம். சிங்காநல்லூர்ப் பக்கம் வீடு. வாசலிலேயே மேம்பாலத்துக்குத் தூண் இறக்கப் பைல் அடிக்கிறார்கள் என்று ஏப்ரலில் நம்மிடம் ஹெட்போன் வாங்கியிருக்கிறார். சோப்பு டப்பாவும் சேர்த்துத்தான்.

"இடது பக்கம் சன்னமா ஒரு விசில் வருதுங்க தம்பி. பேச்சுக்கு நடுவுல வந்து நிக்குது. போன மாசம் ஒரு ஃபைல்ல தப்பு சாஸ்தின்னு கம்பெனியில வார்னிங் குடுத்துட்டாங்க. மூணு வார்னிங் ஆனா வேலையில்லைங்க. கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடுங்க."

எல்லோருக்கும் சீக்கிரம் வேண்டும். வரிசையில் வைத்தேன்.

ஜூன் 5, புதன்

ரப்பர் காதில் மாட்டிச் சோதித்தேன். (சிலிகோன் ரப்பரில் செய்த மனிதக் காது, உள்ளே மைக். இந்தக் கடையில் நான் நம்புகிற ஒரே ஆள்.) சுவிட்ச் ஆன், ஒரு மணி நேரம். விசில் இல்லை. சீட்டில் "கோளாறு இல்லை" என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 8, சனி

மழை. கூட்டம். கல்லாவில் இருக்கும் சுகந்தி அக்கா லீவு, பில்லும் நானே போட்டேன். கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் வந்து ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகத் தலையில் மாட்டிப் பார்த்து, செல்ஃபி எடுத்து, "ஆன்லைன்ல கம்மி ப்ரோ" என்று போய்விட்டார்கள். அவர்கள் தலையில் வைத்திருந்த ஜெல் ஆறு ஹெட்போனில். மறுபடி பஞ்சு.

ஜூன் 11, செவ்வாய்

ரெபேக்கா மேடம் திரும்ப வந்தார். விசில் போகவில்லையாம்.

"இப்பெல்லாம் காலைல எந்திரிக்கறப்பவே அது ஞாபகத்துல இருக்குதுங்க தம்பி."

ஞாபகத்தில் இருக்கிற சத்தத்துக்கு வாரண்டி கிடையாது என்றேன். சிரித்துவிட்டு, "என்னங்க தம்பி?" என்றார். மறுபடி சொன்னேன். நான் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லாப் பக்கம் பார்க்கிறார். காசு கொடுத்து வாங்கிவிட்டால் சர்வீஸ்காரன் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம் போலிருக்கிறது. எரிச்சலில் நானும் அவர் முகத்தைப் பார்க்காமலேயே பேசினேன்.

வேலை விஷயத்தில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. வயரின் இடது வலதை மாற்றிப் போட்டுக் கேட்கச் சொன்னேன். விசில் இடது பக்கமே நின்றது என்றார். வயரில் வருவதாக இருந்தால் அது வலது பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆகவே பழுது ஹெட்போனின் இடது ஸ்பீக்கரில். ஒன்றாம் வகுப்புத் தர்க்கம். ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்தேன். ரப்பர் காதில் சுத்தமாக இருந்தது.

சீட்டு: "இடது ஸ்பீக்கர் மாற்றப்பட்டது. கோளாறு இல்லை."

ஜூன் 12, புதன்

பல் வலி. யாரிடமும் பேசவில்லை. நல்ல நாள்.

ஜூன் 15, சனி

மூன்றாவது முறை. கையில் ஒரு தூக்குப்போணி வேறு. "தம்பிக்கு அடிக்கடி தொல்லை குடுக்கறேன்" என்று ரவா கேசரி. லஞ்சம் என்று நினைத்தேன். சாப்பிட்டேன்.

வேறு வழியில்லாமல் கடையிலேயே ஒரு புது செட்டை எடுத்து அவருடைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"இருக்குதுங்க தம்பி. அதே விசில்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கந்தாங்க."

சீல் உடைத்து இரண்டு நிமிடம்கூட ஆகாத செட். அவர் போன பிறகு சுகந்தி அக்காவிடம் கத்தினேன். அக்கா பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வயரு மாத்துனீங்க. ஸ்பீக்கரு மாத்துனீங்க. செட்டையே மாத்திட்டீங்க. மாத்தாதது என்னங்க மிச்சம் இருக்குது?"

"அவங்க வீட்டு கரண்ட்டு. எர்த் சரியில்லைன்னா இப்படி வரும்."

"கரண்ட்டு வீட்டுல இருக்குது. அந்தம்மா இங்க நின்னுல்ல கேட்டுது?"

"ஆம்ப்ளிஃபயர்ல தங்கியிருக்கும்" என்றேன். எஞ்சினியரிங் படித்தவன் வாயில் வரக்கூடாத வாக்கியம். ஒரு டப்பாவுக்குள் கரண்ட் பழையசோறு மாதிரி தங்கியிருக்காது. அக்காவுக்கு அது தெரியாது என்ற தைரியத்தில் சொன்னேன்.

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உங்களுக்கு மெசினு பேசுனாத்தானுங்க காது கேக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சீட்டு: "கோளாறு இல்லை. வாடிக்கையாளர் வீட்டு மின் இணைப்பைச் சரிபார்க்கவும்."

ஜூன் 18, செவ்வாய்

போனில் வந்தார். இரண்டாவது வார்னிங்கும் வந்துவிட்டதாம். ஒரு மில் விசாரணையில் தொழிலாளி, "மேனேஜர்தான் என்னைச் சேர்த்தாருங்க" என்று சொல்லியிருக்கிறான். இவர் "மேனேஜர்தான் என்னைத் தீர்த்தாருங்க" என்று அடித்திருக்கிறார். ஒரு பக்கத்தில் நான்கு இடம் இப்படி. வேலைக்குச் சேர்த்த மேனேஜரைக் கொலைகாரன் ஆக்கிவிட்டார் என்று கடையில் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

"பதினோரு வருசமா அடிக்கறேனுங்க தம்பி. ச-வும் த-வும் எனக்கு என்னிக்கும் குழம்புனதில்ல. வர்ற திங்கக்கிழமை அடுத்த ஃபைல் போகோணும். அதுலயும் தப்பு வந்துட்டா நிறுத்திருவாங்க. நீங்க ஒருக்கா வீட்டுக்கு வந்து பாக்க முடியுங்களா? எர்த்துன்னு எழுதியிருந்தீங்களே, எலெக்ட்ரீசியன் வந்து பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குதுன்னுட்டாரு."

எலெக்ட்ரீசியனுக்கு என்ன தெரியும்? வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றேன். அந்த வீட்டு வயரிங்கின் லட்சணத்தை நிரூபித்துவிட்டு, இந்த விசிலிலிருந்து விடுபட வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 20, வியாழன்

மீட்டருக்கு பேட்டரி வாங்கினேன். ரப்பர் காதைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன்.

ஜூன் 21, வெள்ளி

எல்லாவற்றையும் நடந்த வரிசையில் எழுத வேண்டும்.

பதினொரு மணிக்குப் போனேன். முதல் மாடி. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில் அந்த இயந்திரம். நான்கு வினாடிக்கு ஒருமுறை இரும்பு இரும்பின் மேல் விழுகிறது. விழும்போதெல்லாம் மேசையில் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்குகிறது. மகள் பள்ளிக்கூடத்தில். இந்த அறையில் ஒரு மனுஷி தினம் ஏழு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்பதே அருவருப்பாக இருந்தது. யார் மேல் அருவருப்பு என்று அப்போது யோசிக்கவில்லை.

எர்த் பார்த்தேன். எலெக்ட்ரீசியன் சொன்னதுதான் சரி. குறை சொல்ல ஒரு ஸ்க்ரூகூட இல்லை.

"வழக்கமா எப்படி வேலை செய்வீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றேன். இதை மூன்றாம் தேதியே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

உட்கார்ந்தார். ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். அதன் சத்தத் திருகை முக்கால் பங்கு திருகினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். டைப் அடிக்க ஆரம்பித்தார்.

ஹெட்போனில் பச்சை விளக்கு எரியவில்லை.

கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். "சுவிட்ச் போடலையே?"

"எதுங்க தம்பி?" என்று முகத்தைத் திருப்பி வலது காதை என் பக்கம் கொடுத்தார். கல்லாவைப் பார்க்கவில்லை. அங்கே கல்லா இல்லை.

"ஹெட்போன் சுவிட்ச். அதைப் போட்டாத்தானே வெளிச்சத்தத்தைத் தடுக்கும்?"

"கடையில மொதல்ல போட்டுட்டுத்தான் கேட்டேனுங்க. ஆம்ப்ளிஃபயரு வாங்குன அன்னைக்கு உங்க கடைச் சுவத்துல அந்தப் படத்தைப் பாத்தேன். கீழ மூலையில பொடி எழுத்துல போட்டிருந்துதுங்களே, 'சுவிட்ச் ஆஃப் நிலையில்'னு. எனக்குத் தொழிலே எழுத்து பாக்கறது, கண்ணுல பட்டுருச்சு. சரி, ஆம்ப்ளிஃபயரு மாட்டுனா இதை ஆஃப் பண்ணிக்கோணுமாட்ட இருக்குதுன்னு அன்னைலேர்ந்து ஆஃப்லயே வெச்சுக்கறேன்."

வெளியே இரும்பு விழுந்தது. மறுபடி விழுந்தது.

ரப்பர் காதை அவர் நாற்காலியில் வைத்து, அதே ஹெட்போனை, அதே ஆஃபில், அதே திருகில் மாட்டினேன். மீட்டர் 97, 98 என்று நின்றது. பைல் சத்தத்துக்கு மேல் பேச்சு கேட்க வேண்டும் என்று அவர் ஏற்றிவைத்த அளவு. ஏப்ரல் கடைசியிலிருந்து, தினம் ஏழு மணி நேரம், பாடத்தில் படித்த எந்த வரம்புக்கும் மேலே. ஆன் செய்து, ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி, கால் பங்கு சத்தத்தில் வைத்துப் பார்த்தேன். 68. பேச்சு சுத்தமாகக் கேட்டது.

பிறகு செய்ய வேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது. செய்யப் பிடிக்கவில்லை. போனில் ஒரு சுரம் எழுப்பும் ஆப் இருக்கிறது. அதைச் சன்னமாக அவர் வலது காதருகே வைத்து, சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். "உங்க விசில் மாதிரி வரும்போது சொல்லுங்க."

ஆயிரம் ஹெர்ட்ஸ். இரண்டாயிரம். மூவாயிரம். நாலாயிரத்து நூறில், "இதேதாங்க! இதேதான்!" என்றார். ஒரு மாதமாகத் தேடிய திருடனைப் பிடித்துவிட்ட மாதிரி அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "பாத்தீங்களா, நாஞ் சொன்னப்ப யாரும் நம்பல!"

ஆப்பை நிறுத்தினேன். ஆம்ப்ளிஃபயர் பிளக்கைப் பிடுங்கினேன். அவர் காதில் எதுவும் இல்லை. ஜன்னலைச் சாத்தினேன். ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள் போல, கொஞ்ச நேரம் இரும்பும் விழவில்லை.

"இப்ப?"

சிரித்துக்கொண்டே காதைக் கொடுத்துக் கேட்டார். சிரிப்பு நின்றது. மேசையில் கிடந்த ஹெட்போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னும் கேக்குதுங்களே தம்பி" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை. அழவில்லை. "பொண்ணு நாலரைக்கு வந்துருவா. அவ முன்னாடி இதெல்லாம் பேச வேண்டாங்க" என்றார். அப்புறம், "எம் மேலதாங்க தப்பு. அந்தப் படத்தை நாந்தான் சரியாப் படிக்கல" என்றார்.

ஹெட்போனை இனித் தொடவே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினேன். கீழே இறங்கி வண்டியை எடுக்கும்போதுகூட வேறொன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஜூன் 22, சனி

அந்த கிராப்பைப் போட்டவன் நான்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால். முதலாளி, "டிஃபரன்ஸ் தெரியற மாதிரி ஒண்ணு போட்டுக் குடு இஞ்சினீரு" என்றார். ஆன் நிலையில் அளந்தேன், இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. ஆஃப் நிலையில் அளந்தேன், ஒன்பது டெசிபல் வித்தியாசம் வந்தது. யாருமே ஆஃபில் வைத்துக் கேட்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். கீழே மூலையில் ஆறு பாயின்ட் எழுத்தில் "அளவீடு: சுவிட்ச் ஆஃப் நிலையில்" என்று போட்டேன். நாளைக்கு யாராவது கேட்டால் நான் பொய் சொல்லவில்லை என்று காட்டுவதற்கு. யாரும் படிக்கமாட்டார்கள் என்பதுதான் அதன் உபயோகமே. ஒரே ஒருவர் படித்தார். எழுத்தை மதிக்கிறவர். அதனால் சொன்னபடி செய்தார்.

காலையில் முதலாளியிடம் சொன்னேன்.

"அந்தம்மா போலீசு கீலீசுன்னு போகுமா?"

"போகமாட்டாங்க. தன் தப்புங்கறாங்க."

"அப்பறம் என்னத்துக்கு நீ குதிக்கறே? ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி எடுத்துக்க. காசைக் குடுத்துரு. நல்லபடியா முடிஞ்சுது."

அவர் மேல் வந்த அருவருப்பைப் பதினான்கு மாதமாக வளர்த்துவைத்திருக்கிறேன். இன்று அதை அவர் மேல் எறியலாம் என்று பார்த்தேன். கை வரவில்லை. அவர் வித்தியாசம் கேட்டார். தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். அவருக்கு டெசிபல் என்றால் என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும்.

சுகந்தி அக்கா மட்டும் கேட்டார். "அந்தம்மாவுக்குக் காது திரும்புமுங்களா?"

"தெரியாது."

"உங்க ரப்பர் காதுல கேட்டுப் பாக்கறது" என்றார். கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் பரவாயில்லை.

மாலையில் காது, மூக்கு, தொண்டை டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். இரண்டு மாதமாக விசில் என்றதும், "இவ்வளவு நாள் எங்கே போயிருந்தார்?" என்று கேட்டார் ரிசப்ஷனில் இருந்த பெண். மூன்று முறை என்னிடம் வந்திருந்தார் என்று நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஃபைல் போக வேண்டியதும் அதே திங்கட்கிழமைதான்.

செய்ய வேண்டியவை:

1. நாளை கடை லீவு. சாவி சுகந்தி அக்காவிடம். வாங்கி, கிராப்பைச் சட்டத்தோடு இறக்குவது. முதலாளி திங்கட்கிழமை கேட்டால், ஆன் நிலையில் அளந்த கிராப்பை, இரண்டு கோடும் ஒன்றாகப் படுத்திருப்பதை, அதே ஆணியில் மாட்டவா என்று கேட்பது. வேண்டாம் என்றால் கணக்கு முடித்துக்கொள்வது.

2. தீபாவளியிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வாங்கிய எல்லோருடைய போன் நம்பரையும் பில் புத்தகத்திலிருந்து எடுப்பது. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: சுவிட்ச் ஆனா, ஆஃபா?

3. ரெபேக்கா மேடத்தின் பெங்களூர் சூப்பர்வைசர் நம்பரை அவரிடமே கேட்டு வாங்குவது. ச, த குழம்பியதற்குக் காரணம் இன்னது, அதைச் செய்தது இன்னார், இந்த ஃபைலை நிறுத்திவையுங்கள் என்று என் பெயர், என் படிப்பு, என் கையெழுத்தோடு எழுதுவது. அவர் வேண்டாம் என்றால் அனுப்பக்கூடாது. அவருடைய வேலை, அவருடைய முடிவு.

4. மூன்று சர்வீஸ் சீட்டின் நகலையும் டாக்டருக்கு எடுத்துப்போவது. திருத்தாமல்.

5. திங்கள் எட்டே முக்காலுக்கு அவர் வீட்டு வாசலில் ஆட்டோவோடு நிற்பது. பைக் வேண்டாம், சைலன்ஸர் சத்தம்.

6. "இது எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்பார். மேடம் "எம் மேலதாங்க தப்பு" என்று ஆரம்பிப்பதற்குள் நான் சொல்லிவிடுவது. அவர் காதில் விழுகிற அளவுக்கு.